மூன்றாவது ஊகம்

கேரிக்பான் துறை,
டொனெகால்,
செப்டம்பர் 29

அன்புள்ள தம்பி கோனலுக்கு,

உன் அக்கா ப்ரோனா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்றாவது யார் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே, பூனைதான். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த நாடகக் கொட்டகையின் மரத்தூளைத் தின்றே வயிறு வளர்க்கிறாயா தெரியவில்லை. ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

டெலிபோனில் பேசலாமே என்பாய். அது இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அப்பாவின் நாற்காலிக்கு எட்டும் தூரத்தில். நான் எண்ணைச் சுழற்றும்போதே கிளாஸ்கோ என்று அவருக்குத் தெரிந்துவிடும். உடனே எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். நீ 'ஹலோ' சொல்வதற்குள் வீடு பனிப்பெட்டி ஆகிவிடும். அதனால் கடிதம்.

ஊர்ச் செய்தி ஒன்று. போன வாரப் புயலில் நம் கோயில் பங்குக் கூடத்தின் கூரை பாதி பறந்துவிட்டது. ஆள் சேதம் இல்லை. ஆனால் ஹாலோவீனுக்குப் பிள்ளைகளை எங்கே பயமுறுத்துவது என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். என் வகுப்பறையில் பேய் வந்தால் அதற்கே உட்கார இடம் இருக்காது. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவர்கள் நினைத்தது எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் அவ்வளவு பெரிய இடம் ஒன்றே ஒன்றுதான், நம் வலைக் கொட்டகை.

படகை விற்ற நாளில் அப்பா பூட்டின பூட்டு. இந்த நாலு வருஷமாக அதன் பக்கம் போனவர் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பயந்து பயந்து கேட்டேன். அவர் உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இருந்தார். சரி, போச்சு என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை என் முட்டைக்குப் பக்கத்தில் சாவி இருந்தது.

இப்போது எனக்கு வழி தெரியவில்லை. இந்த வேலைக்கெல்லாம் நீதானே ராஜா. நீ செய்த தலையில்லாத மாலுமியைப் பார்த்துவிட்டு ஹூயி மாமா ஒரு வாரம் படகுக்கே வரமாட்டேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டாரே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு அந்தக் குறும்புக்கு அடி வாங்கினாய். இன்றைக்கு அதற்கே அங்கே சம்பளம் வாங்குகிறாய். தரையில் தவழுகிற மாதிரி புகை எப்படிப் போடுவது? பேய் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பறக்க வேண்டும், என்ன செய்ய? எழுது.

எழுதுவதைவிட நேரில் வந்து செய்து கொடுத்தால் இன்னும் நல்லது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். நீ கிளாஸ்கோ பஸ் ஏறிய அன்று, இனி உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று துறையே கேட்க அப்பா கத்தினார். நீயும் சரி என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு ஏறிவிட்டாய். உங்கள் இரண்டு பேரின் ரோஷத்துக்கு நடுவில் நாலு வருஷமாக நான் அகப்பட்டுக்கொண்டு முழிக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டதடா. நீ வர வேண்டும், அவர் உன்னைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

பதில் போடு. கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

உன் அக்கா,
ப்ரோனா


கேரிக்பான்,
அக்டோபர் 18

அன்புள்ள கோனல்,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம், படம் போட்டு, அம்புக்குறி போட்டு, அழகாக எழுதியிருக்கிறாய். நாலு பக்கத்திலும் அப்பா என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. எவ்வளவு கவனமாக விட்டிருக்கிறாய் என்று மெச்சிக்கொண்டேன்.

முதலில் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று சொல்கிறேன். புகைக்கு டிரை ஐஸ்தான் வேண்டும் என்று நீ எழுதுமுன்பே நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டிவிட்டேன். மீன் பெட்டி நிறையச் சாதாரண ஐஸைக் கொட்டி, மேலே கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். கொஞ்சம் ஆவி வந்தது. அப்புறம் கொட்டகை முழுக்கக் குளம். பூனை அன்றைக்கு வெளியே போனதுதான், மறுநாள் சாயங்காலம்தான் திரும்பி வந்தது. இப்போது மீன் கம்பெனியில் சொல்லிவைத்திருக்கிறேன். பிரான்சுக்கு நண்டு அனுப்ப அவர்களுக்கு டிரை ஐஸ் வருகிறதாம், ஒரு பெட்டி தருகிறேன் என்றார்கள். நீ சொன்னபடி கையுறை இல்லாமல் தொடமாட்டேன், பெரிய கதவைத் திறந்து வைப்பேன், பிள்ளைகளைக் குனிந்து முகர விடமாட்டேன். போதுமா?

பேய் தயார். பலூனை ஊதிக் கம்பில் கட்டி, அம்மாவின் பழைய மெல்லிய ஜன்னல் திரையை மைதா பசையில் முக்கி அதன்மேல் போர்த்தினேன். காய்ந்ததும் பலூனைக் குத்தினால் திரை மட்டும் தலையும் தோளுமாகத் தானே நிற்கிறது. முதலில் செய்ததன் பாதி முகத்தைப் பூனை நக்கித் தின்றுவிட்டது. அந்தப் பாதி முகத்தோடேயே தொங்கவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. மிச்சத் துணிகளைக் கறுப்புத் தேநீரில் ஊறப்போட்டுக் கிழித்தேன். கல்லறையிலிருந்து தோண்டி எடுத்த மாதிரி வந்திருக்கிறது. நடைவழி முழுக்கக் கடற்பாசியை ஈரத்தோடு தொங்கவிடப் போகிறேன். இருட்டில் அது கன்னத்தில் பட்டால் நானே அலறுவேன்.

பறக்கும் பேய்க்குத் தங்கூசி, அதுதான் தூண்டில் நைலான் நரம்பு, கட்டியாயிற்று. உத்தரத்தில் கப்பி மாட்ட ஹூயி மாமா சுவரோடு ஏணி மாதிரி இருக்கிற பக்கச் சட்டத்தில் ஏறினார். மேலிருந்து மூன்றாவது கட்டை உளுத்திருக்கிறதே, அது அவருக்கு மறந்துபோய்விட்டது. கால் உள்ளே போய்த் தொடைவரை மாட்டிக்கொண்டு, பேச்சுக்குப் பேச்சு மாதாவைக் கூப்பிட்டார். நடுநடுவே வேறு சில பேரையும் கூப்பிட்டார், அவற்றை எழுதமாட்டேன். நீயும் அப்பாவும் மட்டும்தான் அந்தக் கட்டையைப் பார்க்காமலே தாண்டிக் கால் வைப்பீர்கள்.

அப்பாவும் வேலைக்கு வந்துவிட்டார் என்றால் நம்புவாயா? நான் பஞ்சை இழுத்துச் சிலந்திக்கூடு செய்துகொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்துவிட்டு, இது என்ன, ஆட்டுக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். பழைய இழுவலையை இறக்கி, விரல்களாலேயே தடவிக் கிழிசல் எங்கே என்று பார்த்துப் பார்த்துக் கூரையெங்கும் தொங்கவிட்டார். அதன் நடுவில் ஒரு கறுப்பு மிதவை, எட்டுக் கயிற்றுக் கால்களோடு. நல்ல சிலந்தி.

அடுத்து, டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கும் விளக்குகள். டவுன் கடையில் இப்போது பூசணிக்காய் வந்திருக்கிறது, லேசாகக் குடையலாம் என்றேன். பூசணி சிரிக்கும், டர்னிப்தான் செத்த மூஞ்சியாட்டம் இருக்கும் என்று சொல்லிவிட்டார். ஒரு மூட்டையை எடுத்துவைத்துக்கொண்டு குடைய உட்கார்ந்தார். முடித்ததைப் பார்த்தேன். ஒரு கண் நெற்றியில், இன்னொரு கண் கன்னத்துக்குக் கீழே, வாய் காதுப் பக்கம். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நான் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவருடைய பழைய வித்தையை ஒத்திகை பார்த்தோம். இரும்புச் சட்டியில் ஸ்பிரிட்டை ஊற்றி, ஒரு பிடி உப்பைப் போட்டுக் கொளுத்துவாரே, அதேதான். மற்ற விளக்கெல்லாம் அணைந்ததும் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டில் நிறமில்லை, கன்னத்தில் ரத்தமில்லை, பெட்டியில் கிடத்தினபோது அம்மா இருந்த மாதிரியே. அலறிவிட்டேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்படித் தெரிகிறேன், பயமாயில்லையா என்று கேட்டேன்.

"எனக்கு இப்பல்லாம் எல்லார் மூஞ்சியும் இப்படித்தாம்மா தெரியுது," என்றார்.

கோனல், அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. மறுநாளே அவரை லெட்டர்கென்னி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். விழியின் நடுப்பார்வை அழிகிறதாம், கண்ணாடி போட்டுப் பிரயோசனம் இல்லையாம். ஓரப்பார்வை நிற்கும். தலையைச் சாய்த்து, கோழி தானியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தால், நல்ல வெளிச்சத்தில் இன்னும் ஆள் முகம் தெரிகிறது. அடுத்த குளிர்காலத்துக்குள் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அப்பா டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

இன்னும் கேள். இது இன்று நேற்று வந்ததில்லை. நீ போவதற்கு முந்திய வருஷமே அவருக்குத் துறைமுக விளக்குகள் கோணலாகத் தெரிய ஆரம்பித்துவிட்டனவாம். அதனால்தான் சுக்கானை எப்போதும் உன் கையில் கொடுத்தார். நீ போன கோபத்தில்தான் படகை விற்றார் என்று நீயும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோமே, அது தப்பு. தனியாக ஓட்ட முடியாது என்று விற்றார். திரும்பி வரும் வழியில் காரில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"அவன் என் கண்ணைக் கையோட கொண்டுபோயிட்டான். அது அவனுக்கு எப்படித் தெரியும், நான் சொன்னாத்தானே."

அப்புறம் அவனிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது, எனவே அது சத்தியம் ஆகாது. வீட்டுக்கு வந்ததும், கோனலை வரச் சொல்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். சொன்னது சொன்னதுதான், ஊர் முன்னால் சொன்ன வார்த்தையை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு திரும்ப எடுப்பது என்றார். அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. ஹாலோவீன் இரவு வழக்கம்போல் முகமூடிக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள். பேசாமல் வந்து நிற்பார்கள், மூன்று ஊகத்துக்குள் ஆளைச் சொல்லிவிட்டால் முகமூடியைக் கழற்ற வேண்டும். நம் வீட்டில் அப்பாவிடம் தப்பினவன் இதுவரை இல்லை. பாதிரியார் பெண்வேஷம் போட்டு வந்தபோதுகூட முதல் ஊகத்திலேயே பிடித்தாரே. இந்த வருஷம் ஒருவரையும் கண்டுபிடிக்காமல் ஊர் முன்னால் தோற்று நிற்பாரோ என்று எனக்கு உதறல். அவருக்கும் அந்தப் பயம் இருக்கிறது, காட்டிக்கொள்ளவில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் வாசல் திண்டில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வா, கோனல். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ப்ரோனா


அக்டோபர் 27

கோனல்,

பார்சல் வந்தது. கறுப்பு வலைத்துணி, விளக்குக்குப் போடும் நீலத் தாள், எல்லாம் பத்திரம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: புது நாடகம் தொடங்குகிறது, லீவு கிடைக்காது. அவ்வளவுதான் எழுதினாய். அப்பாவைப் பற்றி அத்தனை எழுதியும் உன் பேனாவிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. நீ கல்லுளிமங்கன் என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது.

நீலத் தாளை மாட்டினேன். பாதி முகப் பேய் அந்த வெளிச்சத்தில் தத்ரூபம். நன்றி.

ப்ரோனா


கேரிக்பான்,
நவம்பர் 2

என் அன்புத் தம்பிக்கு,

போன சீட்டில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. லீவு கிடைக்காமல் நீ வரவில்லை. ஆகவே நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதுகிறேன். நேரில் பார்க்காதவனுக்கு விவரமாகச் சொல்லத்தானே வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் வந்தார்கள். வாசலில் அப்பாவின் டர்னிப் தலைகள் வரிசையாக எரிந்தன. கோணல் கண்களைப் பார்த்துவிட்டு ஒரு சின்னப் பெண், இவர்களெல்லாம் எந்தக் கப்பலில் செத்தார்கள் என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா தயங்காமல் ஒரு கப்பலையும் ஒரு புயலையும் உண்டாக்கி, தலைக்கு ஒரு பேர் வைத்துச் சொன்னார். இந்த ஊரில் இதுவரை இவ்வளவு பயங்கரமான விளக்குகள் வந்ததில்லை என்று எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார்.

கடற்பாசி நடைவழியில் அலறல் ஆரம்பித்தது. திராட்சைக் கண்களைத் தொட்டவர்கள் ஓடினார்கள், ஆறிப்போன மக்ரோனிக் குடலில் கைவிட்ட ஒருத்தன் அதை எடுத்துத் தின்றான். புகை, நீ சொன்னபடி, முழங்காலுக்கு மேலே எழும்பாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பழச்சாற்றில் பனிக்கட்டிக் கை மிதந்தது. ஐந்து விரலில் ஒரு விரலை யாரோ உடைத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போனால் அது நம் வீட்டு விசேஷமா? பறக்கிற பேய் பாதி தூரம் வந்து, பிள்ளைகளின் தலைக்கு மேலே நின்றுவிட்டது. ஹூயி மாமா இழுக்கிறார், நரம்பு கப்பியில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. பேய் அங்கேயே தொங்கிக்கொண்டு ஆடுகிறது. பிள்ளைகள் பயத்தை மறந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பெரியவர்கள் கூட்டத்திலிருந்து ஒரு முகமூடிக்காரர் முன்னால் வந்தார். தலையில் மாவுச் சாக்கு, அதில் இரண்டு ஓட்டை. எண்ணெய்த்துணிக் கோட்டை முன்பின்னாக மாட்டியிருந்தார். கையுறை. நல்ல உயரம். எப்போது வந்தார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் பக்கச் சட்டத்தில் ஏறினார். இருட்டு, விளக்கு கேட்கவில்லை. மேலிருந்து மூன்றாவது கட்டை வந்தபோது, காலை அகட்டி அதைத் தாண்டி வைத்தார்.

நான் பார்த்தேன். சிக்கலை எடுத்தார், முடிச்சை அவிழ்த்து வேறு மாதிரி போட்டார். பேய் அம்பு மாதிரிப் பறந்து வந்து, தபாலாபீஸ் அசம்ப்டாவின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போயிற்று. அலறலில் கூரை அதிர்ந்தது. பங்குக் கூடத்தின் கதி இதற்கும் வருமோ என்று பயந்தேன்.

அப்பா சட்டத்துக்குக் கீழேதான் நின்றார். அண்ணாந்து பார்க்கவில்லை, காதை மட்டும் மேலே கொடுத்துத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டை கிறீச்சிடவில்லை என்பது அவருக்குக் கேட்டிருக்கும்.

கடைசியாக அவருடைய சட்டி. எல்லா விளக்கையும் அணைத்தோம். உப்புச் சுடர் மஞ்சளாக எழும்பியதும் கொட்டகை நிறையப் பிணங்கள். ஹூயி மாமா, அசம்ப்டா, பாதிரியார், நான், எல்லாரும் செத்த முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்து நின்றோம். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. அப்பா சட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வந்தார். சாக்கு முகமூடிக்காரரின் முன்னால் வந்து நின்றார். அவருக்கு மட்டும் பிணமாகத் தெரிய முகம் இல்லை, வெறும் சாக்கு.

"எல்லார் மூஞ்சியும் பொணமாட்டம் இருக்கு. இந்த ஒரு ஆளு மட்டும்தான் உசுரோட இருக்காப்ல," என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம். முகமூடிக்காரர்கள் சமையலறைக்குள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார், என்ன துணிச்சல் பார். ஒருத்தரைக் கையைத் தொட்டுச் சொன்னார், ஒருத்தரைச் செருப்புச் சத்தத்தில் சொன்னார். அசம்ப்டா கன்னியாஸ்திரி வேஷத்தில் வந்தாள். தபால்தலைப் பசை வாசனை வருகிறதே என்று கேட்டு அவளையும் பிடித்துவிட்டார். முகமூடியைக் கழற்றி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இந்த ஆளுக்குக் கழுகுக் கண் என்றாள்.

கடைசியில் சாக்குக்காரர் வந்தார். எல்லாரும் அவரையே உற்றுப் பார்த்தோம், யாருக்கும் ஆள் பிடிபடவில்லை. அடுப்புப் பக்கம் ஒரு நாற்காலி வழக்கம்போல் காலியாக இருந்தது, செத்தவர்கள் வீட்டுக்கு வரும் இரவாயிற்றே, அம்மாவுக்காகப் போட்டு வைக்கிறது. வேறு இடம் இல்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"அதுலயே உக்காருப்பா. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா," என்றார் அப்பா.

கோனல், அந்த நாற்காலியில் இதுவரை யாரையும் அவர் உட்காரச் சொன்னதில்லை. அந்த மனிதர் உட்கார்ந்தார், முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

அப்பா அவரைச் சுற்றி வந்தார். கோட்டுக் கையைத் தடவினார், தோளைத் தொட்டார். முதல் ஊகம், நம் பாதிரியார் என்றார். பாதிரியார் அந்த ஆளின் மார்பு உயரம்கூட இருக்கமாட்டார், எதிரிலேயே டீ குடித்துக்கொண்டும் இருந்தார். வீடு இடிந்து விழுகிற சிரிப்பு. அப்பா தலையைச் சொறிந்துகொண்டார். இரண்டாவது ஊகம், அசம்ப்டா என்றார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள்! ஹூயி மாமா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்பாவைக் காட்டி, மேனஸ் அண்ணன் அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது, கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று ஆளுக்கொரு பேச்சு. இத்தனை வருஷம் தோற்காத மனிதர், ஊர் முன்னால் அத்தனை கேலியையும் வாங்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றார். மூன்றாவது சொல்லுங்கள் என்று எல்லாரும் கத்தினார்கள்.

"மூணாவது சொல்லல. சொன்னா இவன் முகமூடிய எடுக்கணும். கெடக்கட்டும், டீ குடிச்சிட்டுப் போகட்டும்," என்றார்.

டீயை நானே கொடுத்தேன். சாக்கின் அடி வழியாக ஒரு குழாயைச் செருகி உறிஞ்சினார். இரண்டு கோப்பை, மூன்று சர்க்கரை. யாரும் சொல்லாமலே மூன்று போட்டேன். என் கண்ணில் புகை போய்விட்டது, நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்தபோது அப்பா பழரொட்டியில் ஒரு பெரிய துண்டு வெட்டிக் காகிதத்தில் மடித்து, வழியில் தின்னக் கொடுத்தார். அந்த ரொட்டியில் வழக்கப்படி நான் வைத்துச் சுட்ட மோதிரம் எங்கள் யார் துண்டிலும் வரவில்லை. கிளாஸ்கோ பக்கம் யாராவது பல்லை உடைத்துக்கொண்டிருந்தால் எனக்கு எழுதட்டும், சீக்கிரம் கல்யாணச் செய்தி வரும் என்று அர்த்தம்.

வாசலில் அப்பா அவர் கையைப் பிடித்தார். கையுறையைக் கழற்றச் சொல்லவில்லை. பிடித்தவர் விடவே இல்லை. பின்னால் நின்ற ஹூயி மாமா குளிர் உள்ளே வருகிறது என்று முணுமுணுத்தார், யாரும் கேட்கவில்லை. பிறகு அந்த மனிதர் குறுக்குச்சாலைப் பக்கம் போய்விட்டார். அன்று மத்தியானம் கிளாஸ்கோ பஸ்ஸிலிருந்து ஒரு உயரமான ஆள் இறங்கினதாக அசம்ப்டா சொல்கிறாள். அசம்ப்டா என்னதான் சொல்லமாட்டாள்.

மறுநாள் பூசை முடிந்து வந்தோம். நான் பாத்திரம் கழுவினேன், அப்பா துடைத்தார். இரண்டு ஊகமும் வேண்டுமென்றேதானே தப்பாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தார்.

"முகமூடியோட இருந்தா எத்தன நேரம்னாலும் இருக்கலாம்ல. அதான்," என்றார்.

நான் உனக்கு எழுதுகிறேன் என்பது அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம். தபாலாபீஸுக்கு அவ்வளவு அடிக்கடி வேறு எதற்குப் போவாய் என்று கேட்டார். எல்லா டர்னிப் தலைகளையும் குப்பையில் போட்டாயிற்று. ஒன்றை மட்டும், கன்னத்தில் கண் இருப்பதை, ஜன்னலில் வைத்து நேற்றும் இன்றும் ஏற்றினார். பண்டிகை முடிந்துவிட்டதே, எதற்கு என்றேன். எரியட்டும் என்றார். அது வாட ஆரம்பித்துவிட்டது, வீடெல்லாம் நாற்றம். நான் எடுக்கப்போவதில்லை.

இப்போது இந்தக் கடிதத்தை எழுதுகிறபோது எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். உன்னிடம் என்ன சொல்ல என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மூணாவது ஊகம் இன்னும் என்கிட்டத்தான் இருக்குன்னு எழுது. சொல்ல வேண்டிய ஆளு வந்தா சொல்லுவேன். பகல்ல வரச் சொல்லு."

பகலில் வா, தம்பி. சமையலறை ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம் வருகிறது, நாற்காலியை அங்கே போட்டு வைத்திருக்கிறேன். அவர் தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்ப்பார். அசையாமல் உட்கார்ந்திரு. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா